மாதனூரில் நின்ற ஒன்றரை விநாடி

பாய்,

இன்று காலை நான்காம் நம்பர் ரோபோவை இயக்கும் கைத்திரையில் ‘மாதனூர்’ என்ற வரி வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் இன்ஜினியர் என் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். “மேடம், மாதனூர்னா இன்னா? ஏதாச்சும் கமாண்டா?” என்று கேட்டார். அது ஒரு பஸ் ஸ்டாப் என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்து, முகத்தைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உங்களால் எனக்கு வருகிற தலைவலி மட்டும் இன்னும் போன பாடில்லை.

உலகத்தில் ரோபோ ஓட்டுகிற எவரும், கை போய் நிற்க வேண்டிய இடங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுவார்கள். நீங்களோ, நான் வேலைக்கு வருகிற பஸ் வழியைப் போட்டீர்கள். கை புறப்படும் இடம் சத்துவாச்சாரி. பசை பூச வேண்டிய ஷூவின் குதிகால் பொய்கை. நடுப்பாதம் பள்ளிகொண்டா. பெருவிரல் முனையைச் சுற்றி வந்து முடிக்கிற இடம் மாதனூர். அதற்கப்புறம் கை மேலே எழும்பினால் ஆம்பூர். “நீங்க தெனம் லேட்டா வர்றீங்கல்ல, உங்க பஸ்ஸு எங்க நிக்குதுன்னு ரோபோவாவது தெரிஞ்சிக்கட்டும்” என்றீர்கள். ஷிப்ட் முழுக்க எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு நான்கு நிமிடம் தாமதம், அதுவும் ரயில்வே கேட்டினால். இன்றுவரை அதை யாரும் நம்பவில்லை.

ரோபோக்கள் முதன்முதலாக நம் ஷூ கம்பெனிக்கு வந்து இறங்கிய நாளை நினைத்துக்கொள்கிறேன். மரப்பெட்டியைப் பிரிக்கும்போது தையல் பகுதிப் பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். சினிமாவில் பார்த்த மாதிரி தலை, கால், கண்ணில் சிவப்பு விளக்கு எல்லாம் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒற்றைக் கை வந்தது. “தல எங்க பாய்?” என்று யாரோ கேட்க, நீங்கள் பக்கத்தில் இருந்த இரும்பு அலமாரியைத் தட்டி, “தல இதுக்குள்ள இருக்குது. ஒடம்பு ஒரு எடம், தல ஒரு எடம். நம்ம ஆளுங்க கொஞ்சம் பேரு மாதிரியே” என்றீர்கள். சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கத் தயாராக வந்திருந்தேன். பன்னிரண்டு பக்கக் குறிப்பு, இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது. அதில் ஒரு பக்கத்தைக்கூட நீங்கள் எடுக்க விடவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, உங்கள் கையையே காட்டினீர்கள். இடுப்பு திரும்பும், தோள் சாயும், முழங்கை மடங்கும், மணிக்கட்டு மூன்று விதமாகத் திரும்பும், ஆக மொத்தம் ஆறு மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மோட்டார். மோட்டாரின் வேகத்தைக் குறைத்து பலத்தைக் கூட்ட ஒரு பல்சக்கரப் பெட்டி. மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிச் சொல்ல இன்னொரு கருவி. அலமாரியில் இருக்கிற கம்ப்யூட்டர் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் கையின் நுனி இப்போது எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. “இதுக்குக் கண்ணு கெடையாது. எண்ணிக்கை மட்டும்தான். ஷூவ ரெண்டு மில்லி தள்ளி வெச்சீங்கன்னா, அது பாட்டுக்கு காத்துல பசை சொல்யூஷன் பூசிட்டு வந்துடும். அது மேல கோவப்பட்டுப் பிரயோஜனமில்ல.”

அப்புறம் அந்த மூன்று கேள்வி. “நான் எங்க இருக்கேன், எங்க போவணும், வழியில யாராச்சும் இருக்காங்களா. இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சா ரோபோ. இல்லன்னா வெறும் மெஷின்.” என் பன்னிரண்டு பக்கமும் அதில் அடங்கிவிட்டது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. அதிலும் அந்தப் பெண்கள் ஒருத்தர்கூட மறக்கவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஒளித்திரை. ரோபோவுக்கு முன்னால் ஒரு சுழல்மேசை. மேசையின் உள்பக்கத்தில் ரோபோ ஒரு ஷூவுக்குப் பசை பூசிக்கொண்டிருக்கும்போதே, வெளிப்பக்கத்தில் நிற்கிற பெண் பூசி முடித்ததை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். ரோபோ வேலையை முடித்து ஆம்பூருக்கு எழும்பியதும் மேசை அரைச் சுற்று திரும்பும். அந்த நேரம் பார்த்து அவள் கை உள்ளே இருந்தால்? அதற்காகத்தான் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள். மேசை திரும்ப வேண்டிய நேரத்தில் கை கதிரை மறைத்தால், எல்லாம் அப்படியே நிற்கும். யாராவது வந்து பொத்தானை அமுக்கினால்தான் மறுபடி ஓடும். எந்த மேசையில், எத்தனை மணிக்கு நின்றது என்றும் பதிவாகும்.

முதல் வருஷ ஆயுத பூஜை ஞாபகமிருக்கிறதா? பூஜை முடிந்து மறுநாள் வேலைக்கு வந்தால் நான்கு ரோபோவும் ஓடவில்லை. ரோபோ விற்ற கம்பெனிக்காரனுக்கு போன் போட்டு, அலமாரியைத் திறந்து, ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டு மணி நேரம் நான் கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் கடைசியில் குனிந்து பார்த்து, ஒளித்திரைக் கம்பத்தைக் காட்டினீர்கள். கதிர் புறப்படும் ஒவ்வொரு கண்ணாடியிலும் அழகாகச் சந்தனம், நடுவில் குங்குமம். ரோபோவுக்குக் கண் இல்லை என்று நீங்கள் சொன்னது பாவமாக இருந்ததால், கண் மாதிரித் தெரிந்த இடத்தில் எல்லாம் பொட்டு வைத்தோம் என்றார்கள். நான் உடனே நோட்டீஸ் டைப் செய்தேன், ‘இயந்திரங்களில் பொட்டு வைப்பது தடை செய்யப்படுகிறது’ என்று. நீங்கள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு ரோபோவின் அடிப்பீடத்திலும் வெள்ளை பெயின்டில் ஒரு வட்டம் போட்டு, ‘பொட்டு இங்கே’ என்று எழுதினீர்கள். தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிற ஆள், பொட்டுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அதற்கப்புறம் ஒரு பூஜையிலும் தகராறு இல்லை.

சரி, மாதனூருக்கு வருகிறேன். நான்கு ரோபோவில் மூன்று மாதனூரில் நிற்காமல் ஆம்பூர் போகும். நான்காவது மட்டும் அங்கே ஒன்றரை விநாடி சும்மா நிற்கும். நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! “மாதனூர்ல டிரைவரு டீ குடிக்க வேணாமா மேடம்?” என்பீர்கள். விடாமல் கேட்டால், “அந்த மெஷின்ல பசை வர்ற நாசில் பழசு. சொல்யூஷன் நூல் மாதிரி இழுக்குது. நூல் அறுந்த பொறவுதான் கைய தூக்கணும். இல்லன்னா ஷூவோட மேல்தோலு மேல கறையாயிடும்” என்றீர்கள். பசை நூல் இழுப்பது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். என் நோட்டில் ‘நான்காம் எந்திரம், நாசில் பழுது, தாமதம் தேவை’ என்று எழுதிவைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். நான்கு வருஷம்.

உங்களுக்கு நெஞ்சு வலி என்று வேலூருக்குக் கொண்டுபோன அன்று நான் லீவில் இருந்தேன். செய்தி கேட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் வீட்டு வாசலில் நம் கம்பெனிப் பெண்கள் ஐம்பது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். பெரிய அதிகாரிகள் போனால்கூட இத்தனை பேர் வருவார்களா என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஏன் வந்தார்கள் என்று தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதோடு ஏன் என்கிற கேள்வியை விட்டுவிட்டேன்.

போன மாதம் பெரிய ஆர்டர் வந்தது. ஒரு ஷிப்டுக்கு எத்தனை ஜோடி ஜாஸ்தி எடுக்க முடியும் என்று புரொடக்ஷன் மேனேஜர் என்னைப் பிடுங்கி எடுத்தார். நான்காம் எந்திரத்துக்குப் புது நாசில் வாங்கிப் போட்டேன். பசை நூல் இழுப்பது நின்றது. இனி மாதனூரில் என்ன வேலை? ஒன்றரை விநாடியை அழித்தேன். எனக்கு அவ்வளவு பெருமை. உங்களிடம் காட்ட முடியவில்லையே என்றுகூட நினைத்தேன்.

அன்றிலிருந்து நான்காம் மேசையில் ஒளித்திரை அறுபட ஆரம்பித்தது. நாளுக்குப் பத்து, பன்னிரண்டு தரம். ஒவ்வொரு தரமும் மேசை நின்று, நான் ஓடி, பொத்தானை அமுக்கி, ஒரே பேஜார். ஒளித்திரையைத் துடைத்தேன், ஒயரை மாற்றினேன், துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்ளச் சொல்லி அந்த மேசையில் நிற்கும் கன்னியம்மாளைக் கடிந்துகொண்டேன். அவர் துப்பட்டாவைப் பின் குத்திக்கொண்டு அடுத்த ஷூவை எடுத்தார். வார முடிவில் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதினேன்: ‘இயக்குபவர் பிழை.’ என் கையெழுத்தில், என் பேனாவில்.

மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு இரண்டே வாக்கியம் சொன்னார். “நாலாம் நம்பர் லேடிய எடுத்துடுங்க. சனிக்கிழமையோட கான்ட்ராக்ட்காரர்கிட்டயே திருப்பி அனுப்பிடுங்க.”

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கன்னியம்மாள் பேனல் அறைக்கு வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. கதவருகில் நின்றபடியே வலது கை உறையைக் கழற்றினார். மோதிர விரலும் சுண்டு விரலும் நேராக நின்றன. மடக்கச் சொன்னேன், மடங்கவில்லை. வேறு ஒரு கம்பெனியில் தோல் வெட்டுகிற பிரஸ்ஸில் நசுங்கியதாம். இங்கே சேரும்போது சொன்னால் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லவில்லை. எல்லாரும் உறை போட்டிருக்கிற இடத்தில் யாருக்குத் தெரியும்?

“எங்க கை வராதோ அங்க பாய் கொஞ்சம் நிப்பாட்டி விடுவாரு மேடம். இப்ப நிக்க மாட்டேங்குது. பனி நாள்ல வெரல் ஜாஸ்தியா வெறைச்சிக்குது. கைய எடுக்கறதுக்குள்ள மேச திரும்பப் போவுது” என்றார். அப்புறம் மெதுவாக, “இத உட்டா எனக்கு தோல் ஊற வெக்கிற டேனரிதான். நாளெல்லாம் தண்ணியில நிக்கணும். ஒரு தபா பாத்து செய்ங்க மேடம்” என்றார்.

பாய், அந்த நிமிடம் உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. பழைய நாசிலாம், நூல் இழுக்குமாம், டிரைவர் டீ குடிப்பாராம்! பக்கத்து மேஜையில் உட்கார்ந்து உங்களோடு பதினோரு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டு ரம்ஜான் கஞ்சி ஒரு வருஷம்கூட எனக்குத் தவறியதில்லை. உங்கள் பெண்ணின் நிக்காஹ்வுக்குப் புடவை எடுக்க உங்கள் மனைவியோடு கடை கடையாக ஏறி இறங்கியவள் நான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீங்கள் வாயைத் திறந்திருந்தால், நான் ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டிருப்பேனா?

மேனேஜரிடம் போனேன். “தப்பு அந்தம்மா மேல இல்ல சார். ப்ரோக்ராம்ல. நான்தான் மாத்துனேன்” என்றேன். அவர் கத்தினார், கப்பல் போகிற தேதியைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். பதிவேட்டில் ‘இயக்குபவர் பிழை’ என்பதை அடித்துவிட்டு, ‘நிரல் பிழை, என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு வருஷத்தில் என் பதிவேட்டில் அடித்துத் திருத்தியது அதுதான் முதல் தடவை.

ஒன்றரை விநாடியைத் திரும்பப் போட்டால் முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நாளைக்கே வேறு ஒரு ஆள் வந்து, காரணம் தெரியாமல் என்னைப் போலவே அழிப்பான். காரணத்தை எழுதி வைத்தால் கன்னியம்மாளின் விரல் ஊருக்கே தெரியும். எழுதினாலும் வம்பு, எழுதாவிட்டாலும் வம்பு. உட்கார்ந்து உங்கள் மூன்று கேள்வியையும் யோசித்தேன். வழியில் யாராவது இருக்கிறார்களா என்று ரோபோ கேட்கிறது. இருந்தால் சண்டைக்காரன் மாதிரி நின்று, பதிவேட்டில் மேசை நம்பரைப் போட்டுக்கொடுக்கிறது. உங்கள் ஒன்றரை விநாடியோ வெறும் குத்துமதிப்பு. பனி நாளில் அது பத்தாது, வெயில் நாளில் அது வீண். ‘ஆச்சா, திரும்பட்டுமா?’ என்று அந்தப் பெண்ணையே கேட்க வேண்டியதுதானே?

பழைய சாமான் கொட்டகையில் உடைந்த தையல் மெஷின்கள் கிடக்கின்றன அல்லவா, அவற்றிலிருந்து கால் மிதி ஸ்விட்சுகள் நான்கைக் கழற்றினேன். ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் ஒன்று. கையை எடுத்தபின் அந்தப் பெண் காலால் மிதித்தால்தான் அலமாரிக்குச் சேதி போகும், சேதி வந்தால்தான் மேசை திரும்பும். ஒளித்திரை எப்போதும்போல் காவலுக்கு இருக்கும். நிரலில் சேர்த்தது ஒரே வரி: சேதி வரும்வரை மாதனூரில் காத்திரு. நான்கு மேசைக்கும் போட்டதால் யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் ஒளித்திரை ஒரு தரம்கூட அறுபடவில்லை. மேனேஜர் பேப்பரைப் பார்த்துவிட்டு, “இத மொதல்லயே பண்ணித் தொலைச்சிருக்கலாமே” என்றார். கன்னியம்மாளின் பெயரை அதற்கப்புறம் அவர் எடுக்கவில்லை.

அவர் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன் பாய். ஒரு கால் மிதி! குப்பையில் கிடந்தது! ரோபோவின் நாடி நரம்பெல்லாம் தெரிந்த உங்களுக்கு இது தோன்றாமலா இருந்திருக்கும்? மூன்று நாளாக இதையே கேட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்துபோனேன். பதில் கிடைத்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. கால் மிதி வைக்க வேண்டுமென்றால் மின்வேலைக்குப் படிவம் போட வேண்டும். படிவத்தில் எதற்காக என்று ஒரு கட்டம் உண்டு. படிவம் வந்து சேர்கிற இடம் என் மேஜை.

நீங்கள் கேட்டிருந்தால் நான் விசாரித்திருப்பேன். விரலைப் பார்த்திருப்பேன். ‘உடல்தகுதி சரிபார்க்கவும்’ என்று எழுதி மேலே அனுப்பியிருப்பேன். நான்கு வருஷத்துக்கு முந்தைய என்னை எனக்குத் தெரியாதா? உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. கஞ்சி கொடுத்தீர்கள், கல்யாணத்துக்குக் கூப்பிட்டீர்கள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னை நம்பவில்லை. வலிக்கிறது பாய். நீங்கள் செய்தது சரி என்பதால் கூடுதலாக வலிக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்வேன். ஒரு தரம் சொல்லிப் பார்த்து, நான் மாறுகிறேனா என்று பார்த்திருக்கலாம். எனக்கு அந்தச் சந்தர்ப்பத்தை நீங்கள் கொடுக்கவே இல்லை. அதற்காக உங்கள் மேல் இருக்கிற கோபம் இப்போதைக்குத் தீராது.

ஐம்பது பேர் வாசலில் நின்றதற்கு அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. உங்கள் நிரல்களில் இன்னும் நிறைய இடங்களில் காரணமில்லாத நிறுத்தம் இருக்கிறது. முதல் எந்திரத்தில் கை கொஞ்சம் உயரம் கம்மியாக வருகிறது, மூன்றாவதில் பொய்கையிலிருந்து பள்ளிகொண்டாவரை மட்டும் மெதுவாகப் போகிறது. எது உங்கள் சோம்பல், எது யாருடைய முதுகு, யாருடைய கண் என்று தெரியவில்லை. ஒன்றையும் நான் தொடவில்லை. தினமும் ஷிப்ட் ஆரம்பத்தில் ஒவ்வொரு மேசைக்கும் பக்கத்தில் போய் நோட்டும் கையுமாக அரை மணி நேரம் நிற்கிறேன். என்னைப் பார்த்ததும் எல்லாரும் நிமிர்ந்துகொள்கிறார்கள், வேகமாக வேலை செய்து காட்டுகிறார்கள். உங்களிடம் காட்டியதை என்னிடம் ஏன் காட்ட வேண்டும்? ஆனாலும் போய் நிற்கிறேன்.

நேற்று மூன்றாம் மேசையில் நிற்கும் பர்வீன், சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, “மேடம், கொஞ்சம் இந்தப் பக்கம் வர்றீங்களா? அந்த நோட்டு அங்கயே இருக்கட்டும்” என்றாள்.

வைத்துவிட்டுப் போனேன்.